ஆரு கண்டா? டோல்கினின் உலகில் மூலம் தெரியாதவர்களைத் தேடிப் போக ஒரு வழிகாட்டி

எங்கள் தோட்டத்துக்குப் போகிற இட்டேரியின் முடக்கில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. மழையிலும் எண்ணெயிலும் தேய்ந்த உருவம். உற்றுப் பார்த்தால் ஓர் ஆள் தெரிவான், அவன் மேல் பாய்கிற புலி தெரியும், புலியின் வாய்க்குள் இறங்கும் ஈட்டி தெரியும். ஆத்தா அதை வேட்டைக்காரசாமி என்று கும்பிடும். பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கிறவருக்கு அது கருப்பராயன். ஒருநாள் போட்டோ எடுக்க வந்த கல்லூரி வாத்தியார் புலிகுத்திக் கல் என்று சொல்லிவிட்டுப் போனார். பதினாறு வயதில் ஆடு மேய்க்கிறவரிடம் நான் நேராகவே கேட்டேன், இதை இங்கே வைத்தது யார் என்று. "எங்கப்பன் பொறக்கறதுக்கு முன்னாடியே அது அங்கதான் நின்னுட்டு இருந்துச்சுங்க. அதுக்கு மேல ஆரு கண்டா?" என்றார்.

அந்த வாரம்தான் ஆங்கில எழுத்தாளர் டோல்கினின் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். கொடியவன் சௌரான் செய்த மோதிரத்தை அழிக்க, ஹாபிட் என்கிற குட்டை இனத்து ஃப்ரோடோவும் கூட்டாளிகளும் போகிற கதை. டாம் பாம்படில் என்கிற ஆசாமியைத் தாண்டி வந்திருந்தேன். நீலச் சட்டை, மஞ்சள் பூட்ஸ், தொப்பியில் இறகு, வாய் ஓயாத பாட்டு. உலகத்தையே ஆட்டிவைக்கும் மோதிரம் அவர் கையில் வெறும் விளையாட்டுச் சாமான். அவர் யார், எந்த இனம், எங்கிருந்து வந்தார்? அவ்வளவு பெரிய புத்தகம் இதற்கு மட்டும் பதில் சொல்வதில்லை. சொன்ன பதிலும் கிட்டத்தட்ட ஆடு மேய்க்கிறவர் சொன்னதுதான்.

டோல்கின் கட்டிய புராணத்தில் இப்படி மூலம் தெரியாதவை நிறைய உண்டு. அவற்றைப் பற்றி யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் "அது என்ன?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்து ஆறு மாதம் வீணாக்கினேன். "யாருக்குத் தெரியாது?" என்று முதலில் கேட்டால் பாதி முடிச்சு தானாக அவிழும். கீழே வருவதெல்லாம் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நடக்கிற வழிதான்.

வேண்டிய சாமான்கள் கொஞ்சம். 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்த லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கட்டாயம் வேண்டும். டோல்கின் 1973இல் இறந்த பிறகு மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977இல் வெளியிட்ட சில்மரிலியன் (அந்த உலகத்தின் பழங்கதைகள்) இருந்தால் நல்லது. 1981இல் வந்த கடிதத் தொகுப்பு கைக்கு எட்டினால் இன்னும் நல்லது. அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. செல்போனில் குறித்துக்கொள்கிறேன் என்பவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் நான்கு கட்டம் போட்டு எழுத நோட்டுதான் தோது: என்ன சொல்லப்பட்டது, யார் சொன்னார், எங்கே எப்போது, எதற்காகச் சொன்னார்.

முதல் படி: ஒன்றை மட்டும் பிடியுங்கள்

மூலம் தெரியாதவர்கள் எல்லோரையும் ஒரே நோட்டில் அடைத்தால் சந்தைக்கூட்டம் ஆகிவிடும். டாம் பாம்படில், ஒளி குடிக்கும் சிலந்தி அங்கோலியண்ட், குள்ளர்கள் விட்டுப்போன சுரங்க நகரமான மோரியாவின் வாசலில் ஏரிக்குள்ளிருந்து கைகளை நீட்டும் அது, மலைக்கு அடியில் உலகத்தைக் கொறித்துக்கொண்டிருக்கும் பெயரில்லாதவை. இவற்றில் ஒன்றை எடுங்கள்.

எதிரியின் படையாட்களான ஓர்க்குகளை முதலில் தொடவேண்டாம். ஆரம்பத்தில் அவை கல்லிலும் சேற்றிலும் பிறந்தன என்று எழுதினார் டோல்கின். பிறகு சிறைபிடித்துச் சிதைத்த எல்ஃப்கள் (மூப்பில்லாத பழைய இனத்தார்) என்றார். கடைசிக் காலக் குறிப்புகளில் மனிதர்களிடமிருந்து வந்தவை என்று நினைத்துப் பார்த்தார். அந்தக் குறிப்புகள் அச்சில் வந்தது 1993இல். ஆக, ஓர்க்குகளின் கேஸ் விளக்கம் கூடிப்போன கேஸ். இந்த வழிகாட்டி அதற்கு உதவாது.

நான் பாம்படிலை எடுத்துக்கொள்கிறேன். மற்றவை நடுநடுவே வந்து போகும்.

இரண்டாம் படி: யாருக்குத் தெரியாது?

இதற்கு ஒரு காட்சியை மெதுவாகப் படிக்கவேண்டும். மோரியாவின் பாலத்துக்கு அருகே, ஓர்க்குகள் விலகி வழிவிட, நெருப்பும் நிழலுமாக ஒன்று வருகிறது. எல்ஃப் இனத்து லெகோலாஸ் அம்பைப் பூட்டிய கையோடு அலறுகிறான், பால்ராக் வந்துவிட்டது என்று. குள்ளர் இனத்துக் கிம்லி கோடாலியை நழுவவிட்டு முகத்தை மூடிக்கொண்டு "டூரினின் எமன்" என்கிறான். மந்திரவாதி கண்டால்ஃப் முணுமுணுக்கிறார்: பால்ராக்கா, இப்போது புரிகிறது.

மூன்று மூச்சுக்குள் மூன்று பேர். கிம்லியின் குள்ளர்கள் மூன்றாம் யுகம் 1980இல் மித்ரில் என்கிற அரிய உலோகத்தை வெட்டப் போய், ஆழத்தில் தூங்கிய ஒன்றை எழுப்பிவிட்டார்கள். அது அவர்கள் அரசன் டூரினைக் கொன்றது. ஊரையே விட்டு ஓடினார்கள். அதன் பிறகு ஆயிரம் வருஷத்துக்கு மேல் அவர்களுக்கு அது என்ன இனம் என்று தெரியாது. யாரைக் கொன்றதோ அந்தப் பேரிலேயே அதைக் கூப்பிட்டார்கள். எல்ஃப்களுக்கு இனம் தெரியும், ஆனால் அது இங்கே இருப்பது தெரியாது. கண்டால்ஃப் கொஞ்ச நேரம் முன்பு ஒரு கதவுக்கு இந்தப்பக்கம் நின்று அதோடு மந்திரத்தால் மல்லுக்கட்டியவர். எதிரில் இருப்பது எதுவென்று தெரியாமலே மல்லுக்கட்டியவர். எல்ஃபின் அரைகுறைத் தகவலும் குள்ளனின் அரைகுறைத் தகவலும் ஒரே இடத்தில் மோதியதும் மர்மம் தீர்ந்தது. அதாவது பால்ராக் ஒருபோதும் மூலம் தெரியாத ஜீவனாக இருந்ததில்லை. குள்ளர்களுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

ஆகவே நோட்டில் முதலில் எழுதவேண்டியது, தெரியாமை யாருடையது என்பதை. பாத்திரங்களில் ஒருவருக்குத் தெரியாமல் இருக்கலாம், பால்ராக் மாதிரி. கதையை எழுதிவைத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தக் கதை முழுக்க ஹாபிட்கள் எழுதிவைத்த சிவப்புப் புத்தகத்திலிருந்து வந்ததாகத்தான் டோல்கின் பாவிக்கிறார். ஹாபிட்கள் உலகம் தெரியாத குடியானவர்கள். அவர்கள் பார்த்ததும் கேட்டதும்தான் நமக்குக் கிடைக்கும்.

ஆசிரியருக்கே தெரியாமலும் இருக்கலாம். மோரியாவின் இருட்டில் கண்டால்ஃபுக்கு வழி தப்பாது என்பதற்கு கூட வந்த அரகார்ன் ஒரு உவமை சொல்வார், பெரூத்தியேல் ராணியின் பூனைகளை விடவும் என்று. யார் அந்த ராணி? 1955இல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் டோல்கின், தனக்கும் தெரியாது என்று ஒத்துக்கொண்டார். பிற்பாடு ஒரு கதை பிறந்தது. ஒன்பது கறுப்புப் பூனை, ஒரு வெள்ளைப் பூனை, அவற்றை வைத்து ஊரை வேவு பார்த்த ராணி. 1980இல் வந்த தொகுப்பில் அது இருக்கிறது. ஆக, ஆசிரியருக்குத் தெரியாதது என்றைக்கும் தெரியாமலே இருக்கவேண்டும் என்பதில்லை.

நான்காவது வகை எனக்கு ரொம்பப் பிடித்தது: தெரியும், சொல்லமாட்டேன். பால்ராக்கோடு பாதாளத்தில் விழுந்து மீண்டு வந்த கண்டால்ஃப், குள்ளர்கள் தோண்டியதற்கும் வெகு கீழே பெயரில்லாதவை உலகத்தைக் கொறிக்கின்றன என்கிறார். சௌரானுக்கும் அவற்றைத் தெரியாதாம். அவனைவிட மூத்தவையாம். அங்கே நடந்து வந்தேன், ஆனால் அதைச் சொல்லிப் பகல் வெளிச்சத்தைக் கெடுக்கமாட்டேன் என்று பேச்சை முடித்துவிடுகிறார். எங்கள் அப்பாரு கூட கிணற்றடிக் கன்னிமாரைப் பற்றி இருட்டிய பிறகு பேசமாட்டார். கேட்டால், "பொழுதோட கேக்கறதா அதை?" என்பார்.

மூன்றாம் படி: சொன்ன வாயோடு சேர்த்து எழுதுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்கவேண்டும். மற்ற படிகளை அவசரத்தில் தாண்டினாலும் இதைத் தாண்டாதீர்கள்.

பாம்படில் யார் என்று ஃப்ரோடோ முதலில் கேட்பது அவர் மனைவி கோல்ட்பெர்ரியிடம். அவள் சொல்வது ஒரே வரி: அவர் இருக்கிறார். இதைப் பிடித்துக்கொண்டு, ஆகா, கடவுள் தன்னைப் பற்றிச் சொல்லும் வாக்கியம் இது என்று துள்ளியவர்கள் ஏராளம். அடுத்த வரியையும் படிக்கவேண்டும். ஃப்ரோடோ புரியாமல் பார்த்ததும், நீ பார்த்தபடிதான் அவர் என்று சேர்த்துச் சொல்கிறாள். காட்டுக்கும் தண்ணீருக்கும் மலைக்கும் அவர் எஜமான் என்கிறாள். அப்படியானால் இந்த நிலமெல்லாம் அவருடையதா என்று கேட்கிறான் ஃப்ரோடோ. இல்லவே இல்லை, அது பெரிய சுமையாகிவிடும், இங்கே மரமும் புல்லும் அதது தனக்கே சொந்தம் என்கிறாள்.

தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வரி உடனே புரியும். சிட்டாவில் பெயர் இருப்பது வேறு, அந்த மண்ணில் யார் சொல்லுக்கு ஆடும் மாடும் நிற்கும் என்பது வேறு. கட்டத்தில் நான் எழுதியது இப்படி: சொன்னவள் மனைவி, சொன்ன இடம் வீடு, கேட்டவன் பயந்துபோன விருந்தாளி, சொன்னது பயத்தைப் போக்க. பிறப்பைப் பற்றி ஒன்றும் இல்லை.

இரண்டாவதாக பாம்படிலையே கேட்கிறான். என் பேர் தெரியாதா, பதில் அது ஒன்றுதான் என்கிறார். பெயரில்லாமல் தனியாக நிற்கிற நீ யார் என்று திருப்பிக் கேட்கிறார். அப்புறம் தான் எல்லோருக்கும் மூத்தவன் என்கிறார். ஆற்றுக்கும் மரங்களுக்கும் முன்னால் இருந்தாராம். முதல் மழைத்துளியும் முதல் ஓக் கொட்டையும் ஞாபகம் இருக்கிறதாம். பெரிய மனிதர்கள் வருவதற்கு முன்பே பாதை போட்டாராம். இருண்டவன் வெளியிலிருந்து வருவதற்கு முன்னால், நட்சத்திரங்களின் கீழே இருட்டுக்குப் பயம் இல்லாத காலத்தையும் அறிவாராம்.

கவனியுங்கள். இத்தனையும் "எப்போது" என்பதற்குப் பதில். "எப்படி" என்பதற்கோ "யாரிடமிருந்து" என்பதற்கோ ஒரு சொல் கிடையாது. பிறந்தேன் என்றோ வந்தேன் என்றோ அவர் சொல்வதில்லை. இருந்தேன் என்றே சொல்கிறார். மற்ற எல்லோரும் வருகிறார்கள், போகிறார்கள். அவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். என் அப்பன் பிறப்பதற்கு முன்பே அந்தக் கல் அங்கேதான் நின்றது என்று ஆடு மேய்க்கிறவர் சொன்ன அதே வாக்கிய அமைப்பு. ஒரே வித்தியாசம், இங்கே கல்லே வாய் திறந்து பேசுகிறது.

மூன்றாவது சாட்சியம் எல்ஃப் தலைவர் எல்ராண்டின் சபை. பெரியவர்கள் கூடிய இடம், மோதிரத்தை என்ன செய்வது என்கிற அவசரம். எல்ராண்ட் முதலில் சொல்வது, பாம்படிலை மறந்தே போனேன் என்பது. அப்புறம் ஒரு சந்தேகத்தையும் போடுகிறார்: வெகுகாலம் முன்பு காட்டில் திரிந்த அதே ஆள்தானா இவர்? மோதிரத்தின் மேல் அவருக்கு அதிகாரம் உண்டு என்று சபையில் பேச்சு வந்ததும் கண்டால்ஃப் திருத்துகிறார், மோதிரத்துக்கு அவர் மேல் அதிகாரம் இல்லை என்று சொல்லுங்கள் என்று. கொடுத்துவைத்தால் மறந்துவிடுவார், இல்லை தூக்கி எறிந்துவிடுவார் என்கிறார். எல்லாமே தோற்றுப்போனால் கடைசியில் அவரும் விழுவார், முதல்வராக இருந்தவர் கடைசியாக விழுவார் என்பது சபையில் இருந்த எல்ஃப் க்ளோர்ஃபிண்டெலின் கணிப்பு. எதிரியை எதிர்க்கும் பலம் அவரிடம் இல்லை, அந்தப் பலம் இந்த மண்ணிலேயே இருந்தாலொழிய, என்கிறான் இன்னொரு எல்ஃப் கால்டோர். ஆனால் பேச்சைத் தொடங்கும்போதே கால்டோர், எனக்கு அவர் பேரைத் தவிர அதிகம் தெரியாது என்று சொல்லிவிடுகிறான். அதையும் கட்டத்தில் எழுதுங்கள். பேர் மட்டும் தெரிந்த ஆளின் ஊகத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாக வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: பெயர்களைப் பிரித்துப் பாருங்கள்

எல்ஃப்கள் அவரை யார்வைன் பென்-அதர் என்றார்கள். மூத்தவர், தகப்பன் இல்லாதவர். குள்ளர்களுக்கு ஃபோர்ன். வடக்கத்தி மனிதர்களுக்கு ஓரால்ட். பாம்படில் என்கிற பெயர் பக்லேண்ட் ஹாபிட்கள் வைத்ததாக இருக்கலாம் என்று 1962இல் வந்த கவிதைத் தொகுப்பின் முன்னுரை சொல்கிறது. ஆக, அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் எதுவும் நம் கையில் இல்லை. என் பேர்தான் பதில் என்று அவர் சொன்னதை இப்போது திரும்பப் படித்துப் பாருங்கள். அந்தப் பேரே பக்கத்து ஊர்க்காரன் கொடுத்ததுதான்!

வேட்டைக்காரசாமி, கருப்பராயன், புலிகுத்தி. பெயர் கூடக்கூட கல்லைப் பற்றிய விவரம் கூடியதா? இல்லை. பெயர் வைத்தவர்களைப் பற்றித்தான் கூடியது. ஆத்தாவுக்கு வேட்டை தெரியும், வாத்தியாருக்குக் கல்வெட்டு தெரியும். எல்ஃப்களும் அப்படித்தான். வம்சம் வம்சமாகத் தகப்பன் பெயர் எழுதிவைக்கிற சாதியார் அவர்கள். அவர்களுக்குத்தான் "தகப்பன் இல்லாதவர்" என்பது கண்ணை உறுத்தியிருக்கிறது.

சரியான பெயர் இல்லாதவை என்றால் இந்தப் படி சீக்கிரம் முடிந்துவிடும். மோரியா ஏரிக்குள் இருப்பதைக் கண்டால்ஃப் "ஏதோ ஒன்று" என்றே சொல்கிறார், ஊர்ந்து வந்ததோ துரத்தப்பட்டு வந்ததோ என்கிறார். கைகள் பல, நோக்கம் ஒன்று என்கிறார். கூட்டத்தில் அது முதலில் பிடித்தது மோதிரம் வைத்திருந்த ஃப்ரோடோவைத்தான் என்பதைக் கவனித்தும் வாய்விட்டுச் சொல்லாமல் விடுகிறார். பெயரை விட அந்த ஒரு செய்கை அதிகம் சொல்கிறது.

ஐந்தாம் படி: கதைக்குள் மூலம், மேசையில் மூலம்

எங்கள் பக்கம் காட்டுக்குள் இருக்கும் பழைய கல்வட்டங்களைப் பாண்டவர் குழி என்பவர்கள் உண்டு. வனவாசத்தில் பாண்டவர்கள் வந்து தங்கிய இடமாம். சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் அகழாய்வு செய்தவர்கள், அந்தக் கல்வட்டங்கள் இரும்புக் காலத்து ஈமச்சின்னங்கள் என்று காட்டினார்கள். சூதுபவள மணிகள் கிடைத்தன, எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. சரி, இனிப் பாண்டவர் கதையைக் குப்பையில் போடவேண்டுமா? அகழாய்வுக்காரர் கேட்டது இந்தக் கல் எப்படி வந்தது என்று. பாட்டி சொன்னது இந்தக் கல்லோடு நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் இரண்டுமே கெட்டுப்போகும்.

பாம்படிலுக்கும் இப்படி ஒரு மேசை மூலம், அதாவது எழுத்தாளரின் மேசையில் அவர் பிறந்த கதை, உண்டு. டோல்கினின் மகன் மைக்கேலிடம் ஒரு மர பொம்மை இருந்தது, தொப்பியில் இறகு வைத்தது. அண்ணன் ஜானுக்கு அதைப் பிடிக்காமல் கழிப்பறைக்குள் திணித்துவிட்டான். மீட்டெடுத்தார்கள். அந்த பொம்மைதான் டாம் பாம்படில். அவரைப் பற்றிய கவிதை 1934இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு பத்திரிகையில் வந்தது, மோதிரக் கதை தொடங்குவதற்கு முன்பே. 1937இல் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், மறைந்துகொண்டிருக்கும் ஆக்ஸ்ஃபோர்ட், பெர்க்‌ஷயர் கிராமப்புறத்தின் ஆவி என்று அவரைச் சொல்கிறார் டோல்கின். 1954 ஏப்ரல் 25 தேதியிட்ட கடிதத்தில், புராண காலத்தில்கூடப் புதிர்கள் இருந்தாகவேண்டும், பாம்படில் அதில் ஒன்று, அதுவும் வேண்டுமென்றே வைத்தது என்கிறார். அதே ஆண்டு இன்னொரு கடித வரைவில், டாமைத் தத்துவமாக்க வேண்டியதில்லை, ஆக்கினால் அவர் மேம்படப்போவதும் இல்லை என்கிறார்.

ஆக, பாம்படில் கதைக்குள் எல்லோருக்கும் மூத்தவராக இருப்பதற்கு மேசையிலும் ஒரு காரணம் இருக்கிறது: நிஜமாகவே அவர் அந்தக் கதைக்கு மூத்தவர். ஃப்ரோடோ பிறப்பதற்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தவர். இது எனக்குத் தோன்றியபோது நோட்டை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் இதை "யார் சொன்னார்" கட்டத்தில் எழுதக்கூடாது. நோட்டின் பின்பக்கத்தில் எழுதவேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் சிறு குழந்தையாக இருந்தபோது டோல்கினைப் பெரிய சிலந்தி கடித்தது. அதனால்தான் அவர் கதைகளில் பூதச் சிலந்திகள் என்று சுலபமாக முடிச்சுப் போடலாம். பூனை ராணியைப் பற்றி எழுதிய அதே கடிதத்தில் இதையும் தொடுகிறார். அப்படி நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், தனக்கு அது ஞாபகமே இல்லை, சிலந்திகள் மேல் தனக்குத் தனி வெறுப்பும் கிடையாது என்கிறார். மேசை மூலம் கிடைத்துவிட்டால் மர்மம் தீர்ந்தது என்று குதிக்கிறவர்களுக்கு இந்தக் கடிதம் நல்ல கசாயம்.

ஆறாம் படி: கொள்கைகளைத் தட்டிப் பாருங்கள்

பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போமே, அப்படி. ஒவ்வொரு கொள்கையையும் எடுத்து, நோட்டில் உள்ள ஒவ்வொரு சாட்சியத்தோடும் தட்டுங்கள். எங்கே சத்தம் மாறுகிறதோ அங்கே கீறல்.

கடவுள் என்கிற கொள்கை க்ளோர்ஃபிண்டெலிடமே உடைகிறது, கடவுள் எதிரியிடம் தோற்று விழமாட்டார். இறைவன் உருவெடுத்து இந்தக் கதைக்குள் வரவில்லை என்று ஆசிரியரும் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

கண்டால்ஃப், சௌரான் போல மையா என்கிற சிறுதெய்வ இனத்தார் என்கிற கொள்கை கொஞ்சம் கெட்டி. ஆனால் கண்டால்ஃபே அந்த மோதிரத்தைத் தொடப் பயப்படுகிறார். இன்னொரு மந்திரவாதி சாருமான் அதற்காகவே கெட்டுப்போகிறான். அதே இனத்தார் ஒருவர் மட்டும் அதைச் சுண்டி விளையாடுவது எப்படி? பாம்படில் அதைத் தன் சுண்டுவிரல் நுனியில் மாட்டுகிறார், மறையவில்லை. மேலே சுண்டிவிடுகிறார், மோதிரம்தான் மறைகிறது! ஃப்ரோடோ அதைப் போட்டு மறைந்தால், எங்கே போகிறாய் என்று அவனைப் பார்த்தே கேட்கிறார்.

என் ஆறு மாதம் வீணானது இங்கேதான். அவர் கைவினைகளின் தெய்வமான ஔலே என்று முடிவுகட்டியிருந்தேன். சௌரான், சாருமான் இருவரும் ஔலேயிடம் தொழில் படித்தவர்கள், ஆகவே சீடன் செய்த மோதிரம் ஆசானிடம் செல்லாது என்று பெரிய கட்டுரையே எழுதினேன். பிறகு மூன்றாம் படியைச் செய்து பார்த்தபோது கண்ணில் பட்டது: பாதை போட்டதைத் தவிர பாம்படில் தன் கையால் எதையும் செய்ததாக என் நோட்டில் ஒரு வரி கிடையாது. கைவினைத் தெய்வம் யுகக்கணக்கில் சும்மா பாடிக்கொண்டு திரியுமா? குள்ளர்களைப் படைத்தவரே ஔலேதான். அந்தக் குள்ளர்கள் தங்களைப் படைத்தவரை அடையாளம் தெரியாமல் ஃபோர்ன் என்று கூப்பிடுகிறார்களாம். கட்டுரையை எங்கே வைத்தேன் என்று இப்போது தேடுவதில்லை.

நிலத்தின் ஆவி என்கிற கொள்கைதான் அதிகம் தாங்குகிறது. கால்டோரின் வாக்கோடு ஒத்துப்போகிறது, தானே போட்ட எல்லையைத் தாண்டி அவர் வருவதில்லை என்பதோடும் ஒத்துப்போகிறது. அதற்கும் ஒரு கீறல் உண்டு. சூரியனுக்குக் கீழே நடமாடும் உயிர்களில் மூத்தவர் மரமனிதர் ட்ரீபியர்ட் என்று கண்டால்ஃப் வேறோரிடத்தில் சொல்கிறார். இரண்டு பேரும் மூத்தவராக இருக்கமுடியுமா? எல்ராண்டைப் போலக் கண்டால்ஃபும் அந்த நேரத்தில் பாம்படிலை மறந்திருக்கலாம். அல்லது பாம்படிலை உயிர்களின் கணக்கில் சேர்க்காமல் இருக்கலாம். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. ஆனால் பிடித்திருப்பது ஆதாரம் ஆகாது, அதனால் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

ஏழாம் படி: வேறொன்றை வைத்துச் சரிபாருங்கள்

முறை சரியா என்று தெரிய, இதே நோட்டை இன்னொரு ஜீவன் மேல் போட்டுப் பாருங்கள். அங்கோலியண்ட் இதற்குத் தோதானவள். தேவர்களின் நாட்டுக்கு வெளிச்சம் தந்த இரண்டு மரங்களின் ஒளியைக் குடித்து அதை இருட்டாக்கியவள், சௌரானுக்கே எஜமானாக இருந்த மெல்கோரையே மிரட்டியவள். அவள் எங்கிருந்து வந்தாள் என்று எல்ஃப்களுக்குத் தெரியாது என்கிறது சில்மரிலியன். உலகைச் சூழ்ந்த இருட்டிலிருந்து இறங்கி வந்தாள் என்று சிலர் சொல்வதாகவும் சேர்க்கிறது. தெரியாமை எல்ஃப்களுடையது, விடை "சிலர் சொல்வது". இது நமக்குப் பழக்கமான மொழி. தன்னாசி கோயிலில் ஸ்தல வரலாறு கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள்.

டோல்கின் இளவயதில் எழுதி 1983இல் அச்சான பழைய வடிவத்தை எடுத்தால் வேறு மாதிரி இருக்கிறது. அங்கே தேவர்களான வாலர்களுக்கே அவள் எங்கிருந்து, எப்போது வந்தாள் என்று தெரியாது. மூடுபனியும் இருட்டும் பெற்றெடுத்திருக்கலாம் என்கிற ஊகம் மட்டும் உண்டு. தேவர்களுக்கே தெரியாதது, பிந்திய வடிவத்தில் எல்ஃப்களுக்குத் தெரியாததாகச் சுருங்கிவிட்டது. "அது என்ன?" என்று மட்டும் கேட்டிருந்தால் இந்த மாற்றம் கண்ணில் பட்டிருக்காது. முடிவும் அதே நடையில்தான்: தீராப் பசியில் தன்னைத் தானே தின்றுவிட்டாள் என்று சிலர் சொல்கிறார்கள்.

பெயரில்லாதவைகளின் மேல் போட்டால் ஒரு நல்ல சிக்கல் கிடைக்கும். சௌரான் உலகம் உண்டாவதற்கு முன்பே இருந்த ஜீவன். அவனைவிட மூத்தவை எப்படி மலைக்கு அடியில் இருக்கமுடியும்? உலகத்துக்குள் யார் முதலில் காலெடுத்து வைத்தார்கள் என்ற கணக்கில் சொன்னாரா கண்டால்ஃப்? நானும் நண்பர் ஒருவரும் சென்னிமலைப் படியில் ஏறும்போது இதைப் பேச ஆரம்பித்து, இறங்கி வந்து டீக்கடையிலும் முடிக்கவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் தருவது கோல்ட்பெர்ரியை. எல்லோரும் புருஷனையே தோண்டுகிறார்கள். அவளை ஆற்றுக்காரியின் மகள் என்கிறது கதை. 1934 கவிதையிலேயே டாமைத் தாடியைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுக்கிறாள். புருஷனுக்குத் தகப்பன் இல்லை, பெண்டாட்டிக்குத் தாய் உண்டு. அந்தத் தாயை யாரும் நேரில் பார்த்ததாக மோதிரக் கதையில் ஒரு வரிகூட இல்லை. முதல் கட்டத்தில் "ஆற்றுக்காரி" என்று எழுதுங்கள். இரண்டாவது கட்டத்தில், அவளைப் பற்றிச் சொன்னவர் யார் என்று தேட ஆரம்பியுங்கள்.